கையெழுத்து வாங்கிய பிறகும் ‘நான் கேட்டது இது இல்லையே’ என்கிறார்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனம். வாடிக்கையாளரோடு மூன்று வாரம் உட்கார்ந்து பேசி, எழுபது பக்கத்துக்குத் தேவை ஆவணம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கி, ஐந்து மாதம் உழைத்துக் கொண்டுபோய்க் காட்டினால், ‘நான் கேட்டது இது இல்லையே’ என்கிறார். சரி, நடுநடுவே காட்டலாம் என்றால் காட்டும்போதெல்லாம் ஒரு மாற்றம் சொல்வார், பேசிய தொகையில் வேலை முடியாதே என்ற பயம். என்னதான் செய்வது? காட்டுவதென்றால் ஜூமில் காட்டினால் போதுமா?

காட்டுங்கள். முதல் இரண்டு வாரத்திலிருந்தே காட்டுங்கள். ஆனால் ‘அடிக்கடி காட்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிப் பதில்தான். யாரிடம் காட்டுகிறீர்கள், எதைக் காட்டுகிறீர்கள் என்ற இரண்டையும் சரியாகப் பிடிக்காவிட்டால் வாரம் இரண்டு முறை கூட்டம் போட்டாலும் கடைசியில் இதே வசனத்தைக் கேட்பீர்கள். நான் கேட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இரும்புக் கடைக்குப் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்துகொடுத்தோம். முதலாளி நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். கட்டுமானக் கம்பிக்கு என்ன அலகு என்று கேட்டோம். கிலோ என்றார். எழுதிக்கொண்டோம், கையெழுத்தும் போட்டார். ஆறு மாதம் கழித்துக் கடையில் நிறுவி, கவுண்டரில் இருந்த பையனிடம் கொடுத்தோம். அவன் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, எத்தனை கம்பின்னு எங்க போடுறது?”

விஷயம் இதுதான். மேஸ்திரி வந்து ‘பன்னிரண்டு எம்.எம். நாற்பது கம்பி’ என்றுதான் கேட்பார். லோடு ஏற்றுபவரும் கம்பியை எண்ணித்தான் ஏற்றுவார். பிறகு வண்டி எடைமேடைக்குப் போகும், பில் கிலோவில் விழும். 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்.எம். கம்பி கணக்குப்படி சுமார் 10.66 கிலோ. ஆனால் மில்லில் உருட்டி வருவது கொஞ்சம் கூடும், குறையும். இந்தியத் தர விதியே அந்த அளவுக்கு 5 சதவீதம் ஏற்ற இறக்கத்தை ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கணக்குப் போட்டு எடுக்கவும் முடியாது. எண்ணிக்கை, எடை இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். எங்கள் ஸ்டாக் அட்டவணையில் ஒரு சரக்குக்கு ஓர் அலகுதான். கொள்முதல், விற்பனை, இருப்பு, அறிக்கை என்று எல்லாவற்றையும் பிரித்து மேய வேண்டியிருந்தது. ஏழு வாரம் போனது, எங்கள் காசில். இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பையன் முன்னால் ஒரு திரையை வைத்திருந்தால் ஒரு நாள் வேலை.

முதலாளி பொய் சொன்னாரா? இல்லை. கொள்முதல் கிலோ, விலை கிலோ, லாபம் கிலோ. அவர் பார்வையில் எல்லாமே கிலோதான். கம்பியை எண்ணுவது அவருக்குச் சொல்ல வேண்டிய சங்கதியாகவே தோன்றவில்லை. தினமும் நடக்கிற காரியத்தை யாரும் ‘தேவை’ என்று சொல்வதில்லை. நாம் கேட்கவும் மாட்டோம், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. மென்பொருள் கட்டுவதிலேயே மிகக் கடினமான பகுதி எதைக் கட்டுவது என்று துல்லியமாகத் தீர்மானிப்பதுதான் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1986-லேயே எழுதினார். படித்தபோது தலையாட்டினேன். புரிந்தது அந்தக் கவுண்டரில்தான்.

‘அப்படியானால் ஆரம்பத்திலேயே எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசிவிட்டால் போதாதா’ என்று அடுத்து கேட்பீர்கள். இதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு கொடுத்த விலை 17 கோடி டாலர். வழக்குக் கோப்புகளைக் கணினியில் வைத்துக்கொள்ள ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற மென்பொருளை அவர்கள் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். 2001 ஜூனில் ஒப்பந்தம், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு திட்டம் பெரிதானது. பயனாளிகளைக் கேட்காமல் கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2002-இன் முதல் பாதியில் ஆறு மாதம் ஏஜெண்டுகளும் பொறியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து விளைந்தது 800 பக்கத்துக்கு மேற்பட்ட தேவை ஆவணம். எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருந்தது.

2003 டிசம்பரில் மென்பொருள் வந்தது. எஃப்.பி.ஐ. 17 குறைகளைப் பட்டியலிட்டுத் திருப்பியது. இரு தரப்பும் சண்டை போட்டு நடுவரிடம் போனார்கள். அவர் அந்த 17-ஐயும் 59 சிறு பிரச்சினைகளாகப் பிரித்து, 40 நிறுவனத்தின் பிழை, 19 எஃப்.பி.ஐ. பின்னால் மாற்றிச் சொன்னது என்று 2004 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார். ‘பிழையா, மாற்றமா’ என்று நீங்களும் வாடிக்கையாளரும் தொலைபேசியில் போடுகிற அதே சண்டைதான், கொஞ்சம் பெரிய அளவில். 2005-இல் மொத்தத்தையும் கைவிட்டார்கள்.

எனக்கு இதில் உறைத்தது, ஆறு மாதம் பேசியும் நடக்கவில்லை என்பதுதான். ஏஜெண்டுகள் முன்னால் இருந்தது காகிதம். ஓடுகிற திரை ஒன்றும் இல்லை. காகிதத்தைப் பார்த்து மனிதர்கள் ‘ஆமாம்’ என்பார்கள். தங்கள் வழக்கு எண்ணைத் தட்டச்சு செய்து பார்க்கும்போதுதான் ‘ஐயோ, இது வேறயாச்சே’ என்பார்கள். அந்த ‘ஐயோ’வுக்கு அங்கே ஒன்றரை வருடம் ஆனது.

அடுத்து அதே எஃப்.பி.ஐ. அதே வேலைக்கு ‘சென்டினல்’ என்று இன்னொரு மென்பொருளை ஆரம்பித்தது. 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு வேலை, மொத்த மதிப்பீடு 42.5 கோடி டாலர், நான்கு கட்டங்கள், 2009 டிசம்பரில் முடிய வேண்டும். 2010-இல் பார்த்தால், உயர்த்தப்பட்ட 45.1 கோடி பட்ஜெட்டில் 40.5 கோடி தீர்ந்திருந்தது, நான்கில் இரண்டு கட்டம்தான் கைக்கு வந்திருந்தது. அப்போது வேலையைத் தங்கள் கைக்குள் எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்டும் முறைக்கு மாறினார்கள். 2012 ஜூலை முதல் தேதி சென்டினல் புழக்கத்துக்கு வந்தது. சொன்ன நாளில் வரவில்லை, 2011 செப்டம்பரில் முடிப்போம் என்றிருந்தார்கள். 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வைத்து ஒத்திகை பார்த்தபோது இரண்டு முறை படுத்துவிட்டது, பழைய வன்பொருள் தாங்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அடிக்கடி காட்டினால் எல்லாம் நேரத்துக்கு முடியும் என்று சிலர் விற்கிறார்கள். தாமதம் வரும். ஆனால் எங்கே ஓட்டை என்று ஊரெல்லாம் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

இது ஒன்றும் புது ஞானமும் இல்லை. ஒரு கட்டத்தை முழுக்க முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும் ‘வாட்டர்ஃபால்’ முறைக்குத் தந்தை என்று எல்லாரும் கை காட்டும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தச் சொல்லே கிடையாது. முன்பே ஒத்துக்கொண்ட பிறகும்கூட மென்பொருள் என்ன செய்யும் என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆகவே கடைசி ஒப்படைப்புக்கு முன் பல இடங்களில் வாடிக்கையாளரை முறைப்படி உள்ளே இழுங்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அவரை அந்த முறைக்குத் தந்தையாக்கியது, கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தவர்கள் செய்த வேலை.

இனி ‘யாரிடம்’ என்ற விஷயம். என் அனுபவத்தில் பெரும்பாலான குளறுபடி இங்கேதான்.

1992 அக்டோபர் 26-ஆம் தேதி லண்டன் ஆம்புலன்ஸ் சேவை வண்டிகளை அனுப்பக் கணினி முறைக்கு மாறியது. அன்றே தடுமாறி, அடுத்த நாள் பிற்பகல் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4-ஆம் தேதி முழுக்கவே நின்றுபோனது. எந்த வண்டி எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் எப்போதும் சரியாக வரும் என்று நம்பி அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தகவல் வருவதற்கு வண்டியில் இருப்பவர் சரியான நேரத்தில் சரியான பொத்தானை அழுத்த வேண்டும். கையில் நோயாளியை வைத்துக்கொண்டு அழுத்துகிறவர் வரிசை தவறுவார், சில நேரம் ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் ஏறிப் போவார். வண்டி ஊழியர்களுக்கோ கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கோ அந்த முறை ‘நம்முடையது’ என்ற எண்ணமே இல்லை என்று 1993-இல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. மேலிடத்தோடு பேசித் தீர்மானித்தது, தெருவில் ஓடுகிறவனிடம் போய்ச் சேரவில்லை.

மறுபக்கமும் உண்டு. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள், சி3 என்பார்கள். 1996-இல் கென்ட் பெக் என்ற மென்பொருள் நிபுணர் அதற்குள் வந்தார், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையே அங்கேதான் உருவானது. வாடிக்கையாளர் தரப்பு ஆள் ஒருவர் முழுநேரமும் குழுவோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. 1997-இல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. கிட்டத்தட்ட 87,000 பேருக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. 2000 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். பயன்படுத்துபவர் பக்கத்திலேயே இருந்தும் ஏன்? காரணங்கள் பல. அந்தக் குழுவினர் பின்னாளில் சொன்ன ஒன்று, ‘என்ன வேண்டும்’ என்று சொல்பவரும் ‘பணம் தருகிறேன்’ என்பவரும் வேறு வேறு ஆட்கள், இருவரின் ஆசையும் ஒன்றாக இல்லை என்பது. இலக்கைச் சொல்பவருக்குக் ‘கோல் டோனர்’, பணத்தை வைத்திருப்பவருக்குக் ‘கோல்டு ஓனர்’ என்று எதுகையோடு பெயரும் வைத்தார்கள்.

ஆக உங்களுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். காசோலையில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், தினமும் அந்தத் திரையில் விரல் வைக்கப்போகிறவர் ஒருவர். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து மட்டும் காட்டாதீர்கள். நம் ஊரில் முதலாளி நாற்காலியில் இருந்தால் ஊழியர் வாய் திறக்க மாட்டார். “நல்லா இருக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ‘நல்லா இருக்கு’வை நம்பி நான் நிறையப் பணம் இழந்திருக்கிறேன். முதலில் ஊழியரிடம் தனியாக, அவர் இடத்தில், அவர் வேலை நேரத்தில் காட்டுங்கள். அங்கே கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போங்கள். அதையும் ‘உங்கள் ஆள் குறை சொன்னார்’ என்கிற தொனியில் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அந்த ஊழியர் உங்களுக்கு டீகூடத் தரமாட்டார்.

காட்டுவது என்று சொல்வதே கொஞ்சம் தவறான சொல். நீங்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு ‘இதோ பாருங்கள், இங்கே கிளிக் செய்தால்’ என்று ஓட்டிக்காட்டினால் சினிமா பார்ப்பது போலப் பார்ப்பார்கள். கீபோர்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, ‘இன்று காலை போட்ட முதல் பில்லை இதில் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்வதுதான் கஷ்டம். அவர் தப்பான இடத்தில் அழுத்தும்போது நம் கை பரபரக்கும். அவர் முதலில் எங்கே தேடினார், எதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார், எந்த இடத்தில் பக்கத்திலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து எழுதினார் என்று பார்த்துக்கொண்டிருங்கள். சீட்டில் எழுதினால் உங்கள் மென்பொருளில் ஏதோ ஒரு கட்டம் குறைகிறது என்று அர்த்தம்.

உள்ளே இருக்கும் தரவும் அவர்களுடையதாக இருக்கட்டும். ‘பொருள் ஒன்று, பொருள் இரண்டு, விலை 100’ என்று போட்டுக் காட்டினால் கண் மேலோட்டமாகப் போய்விடும். அவர்கள் சரக்கின் பெயர், அவர்கள் விலை, பாக்கி வைத்திருக்கும் அந்த ஒரு வாடிக்கைக்காரர் பெயர் திரையில் வந்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: ‘இவருக்கு இந்த ரேட் இல்லையே.’ அந்த ஒரு வாக்கியத்தில் ஆளுக்கு ஆள் விலை மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எழுத ஆரம்பிப்பதற்கு முன்பேகூடக் காட்டலாம். 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் ‘உட்டோப்பியா’ என்று ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது. அச்சகத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து, செய்தித்தாள் பக்கம் அமைக்கும் கணினிக் கருவிகளை வடிவமைக்கப் பார்த்தார்கள். அப்போது அந்தக் கருவிகள் கையில் இல்லை. அட்டைப்பெட்டியை வைத்து அதுதான் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி ஒட்டி, தொழிலாளர்களை அதன் முன் வேலை செய்வதுபோல் செய்துகாட்டச் சொன்னார்கள். நாங்கள் பென்சிலால் ஏ4 தாளில் திரை வரைந்து கொண்டுபோவோம். வேண்டுமென்றே கோணலாக வரைவேன். அழகான வண்ணப் படமாகக் கொண்டுபோனால் இரண்டு ஆபத்து: ஒன்று, ‘இந்த நீலம் வேண்டாம்’ என்று பேச்சு நிறத்துக்குப் போய்விடும். இன்னொன்று, ‘எல்லாம் முடிஞ்சுபோச்சே, அடுத்த வாரம் கொடுத்துடலாம்ல’ என்பார்கள். பின்னால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மாற்றம் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். ஐந்தாம் மாதம் கேட்கப்போவதைத்தான் இரண்டாம் வாரத்தில் கேட்கிறார்கள் என்பது பெருமளவுக்கு உண்மை. முழு உண்மை அல்ல. பார்க்கப் பார்க்கப் புது ஆசைகளும் முளைக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் வருவதைப் பிரித்துப் பாருங்கள். நாம் தப்பாகச் செய்தது இருக்கும், அதற்குக் காசு கேட்கக் கூடாது. கம்பிக் கணக்கு மாதிரி இருவருமே கவனிக்காமல் விட்டது இருக்கும். இதற்கென்று மொத்த நாட்களில் ஆறில் ஒரு பங்கை நான் விலையிலேயே சேர்த்துவிடுவேன், சேர்த்திருக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியும் விடுவேன். மூன்றாவது, புது ஆசை. அதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: ‘தாராளமா செய்யலாங்க, இதே அளவு வேலை உள்ள எதை எடுத்துவிடலாம், நீங்களே சொல்லுங்க.’ பட்டியல் அவர் முன்னால் இருக்கும். பாதி ஆசைகள் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். மீதி உண்மையிலேயே தேவையானவை, அவற்றுக்காக அவரே எதையாவது விட்டுக்கொடுப்பார்.

பேசி முடித்த அன்றே மூன்று நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: இன்று என்ன பார்த்தோம், எது மாறுகிறது, எது வெளியே போகிறது, அடுத்து எப்போது. கையெழுத்தைவிட அந்த நீல டிக் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. தொகையையும் மாதக் கணக்கில் கேட்காமல் புழக்கத்துக்கு வந்த பகுதிகளின் கணக்கில் பிரித்துக் கேளுங்கள். பில்லிங் கவுண்டரில் ஓட ஆரம்பித்ததும் இவ்வளவு, கொள்முதல் ஓடியதும் இவ்வளவு என்று.

வாடிக்கையாளர் வரவே மாட்டேன் என்கிறாரா? அதுதான் பெரிய அபாய அறிகுறி. ‘நீங்க பண்ணுங்க, உங்க மேல நம்பிக்கை இருக்கு’ என்பவரிடம் எனக்குப் பயம் அதிகம். இரண்டு முறை தொடர்ந்து பார்க்காமல் விட்டால் வேலை அதோடு நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்த்ததற்கு மரியாதையும் கொடுங்கள். ஆனால் நாள் குறிக்கும்போது அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குக்காக மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி கடையின் அக்கவுண்டண்ட் மனுஷனாகவே இருக்க மாட்டார். ஜவுளிக்காரரைத் தீபாவளிக்கு முந்தைய மாதம் கூப்பிடுவது வீண். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். எந்தத் தரவுத்தளம், பேக்கப் எங்கே, கடவுச்சொல்லை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் நம் பாடு. இதையெல்லாம் கேட்டால் அவர் மைத்துனர் மகன் பி.இ. படித்திருப்பார், அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவார். அதன் பிறகு உங்கள் நாள் முடிந்தது.

கடைசியாக, ஜூமில் காட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு முறை நேரில் போய்விடுங்கள், அலுவலக அறைக்கு அல்ல, கவுண்டருக்கு. பிறகு ஜூம் போதும். போனதும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருந்தால் அரைமணி நேரத்தில் கால் வலித்துக் கிளம்பிவிடுவீர்கள், மேஸ்திரி வருவது பெரும்பாலும் பதினொன்றரைக்கு மேல்தான்.